யூதக் கல்லறைத் தோட்டத்துக்கு நிதி: முதலில் நிலமா, சுவரா, பராமரிப்பா?

நிலஅளவையான் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். நான் நியூ ஜெர்சியில் சிவில் எஞ்சினியர். பதினைந்து வருடமாக நில அளவையும் மனை வரைபடமும்தான் வேலை. எங்கள் தெருவில் இரண்டு வீடு தள்ளி ஒரு யூதப் பெரியவர் இருக்கிறார், வயது எண்பதைத் தாண்டிவிட்டது. ஊர் ஜெப ஆலயத்தின் கல்லறைக் குழுவுக்கு அவர்தான் பொருளாளர். போன மாதம் ஒரு சுருட்டிய பழைய வரைபடத்தோடு வீட்டுக்கு வந்து, "இதைக் கணினியில் ஏற்றித் தர முடியுமா?" என்று கேட்டார். காப்பி குடித்துக்கொண்டே மூன்று மணி நேரம் பேசினோம். அதிலிருந்து எனக்கு இந்த விஷயம் மனதைவிட்டுப் போகவில்லை.

சபைக்கு வயது நூற்றுக்கும் மேல். கல்லறைத் தோட்டம் இரண்டு ஏக்கருக்குள். மீதியுள்ள குழியிடங்கள் நாற்பதுகூட இல்லை. பழைய பகுதியில் பல கற்கள் சாய்ந்துவிட்டன, சில முகம் குப்புற விழுந்து கிடக்கின்றன. மழைத்தண்ணீர் தேங்கித் தேங்கி வடக்குச் சுவர் வெளிப்பக்கம் பிதுங்கி நிற்கிறது. இந்த நேரத்தில் கிழக்கே ஒட்டியிருக்கும் ஒரு ஏக்கர் விலைக்கு வருகிறது. உரிமையாளர் இவர்களுக்கே கொடுக்க விரும்புகிறார், ஆனால் ஒரு வருடத்துக்கு மேல் காத்திருக்க மாட்டார்.

குழுவுக்குள் மூன்று கருத்து. நிலத்தை வாங்கிவிடுவோம், மற்றதைப் பிறகு பார்ப்போம் என்று சிலர். ஒரு குடும்பம் பெரிய தொகை தரத் தயார், ஆனால் அது புது வாயிலுக்கும் சுவருக்கும் மட்டும். தாத்தா பேரை வாயிலில் பொறிக்க வேண்டும். பெரியவர் சொல்வது வேறு: "எல்லாரும் கட்டுவதற்குக் கொடுப்பார்கள். புல் வெட்டுவதற்கு யாரும் கொடுப்பதில்லை." எனக்கு அவர் பக்கம்தான் நியாயம் தெரிகிறது.

உங்களிடம் இரண்டு கேள்வி. எதற்கு முதலில் நிதி திரட்ட வேண்டும்? இன்னொன்று, எங்கள் ஊர்த் தமிழ்க் குடும்பங்களிடம் நான் இதற்குக் கேட்கலாமா? வீட்டில் கேட்டால், "கல்லறைக்குப் போய் நன்கொடை கேட்டால் யார் என்ன நினைப்பார்களோ" என்கிறாள்.

வெண்கலம்

எனக்கு அடிப்படையான சந்தேகம். புது நிலம் எதற்கு? சென்னை கீழ்ப்பாக்கம் கிறிஸ்தவக் கல்லறையில் குடும்பக் குழியைச் சில வருடம் கழித்துத் திறந்து அடுத்தவரை வைக்கிறார்கள். இடநெருக்கடிக்கு அதுதானே வழி?

நிலஅளவையான்

நானும் முதல் நாளே இதைக் கேட்டேன். யூத மரபில் புதைத்தவரைக் கிளப்பவே கூடாது. இஸ்ரேல் மண்ணுக்குக் கொண்டுபோவது, வெள்ளம் அரிப்பது போன்ற மிகச் சில காரணங்களுக்குத்தான் விலக்கு. ஒருமுறை குழி என்றால் அது என்றைக்கும் அவருடைய இடம். எரிப்பதையும் மரபு ஏற்பதில்லை. அதனால் சபை இருக்கும்வரை நிலம் தேவைப்பட்டுக்கொண்டே இருக்கும்.

கல்லறைத் தோட்டத்துக்கு எபிரேயத்தில் 'பேத் ஹாயிம்' என்று பெயர், 'உயிர்களின் வீடு' என்று பொருள். புதிதாக ஓர் ஊரில் குடியேறும் யூதச் சமூகம் ஜெப ஆலயம் கட்டுவதற்கு முன்பே கல்லறைக்கு நிலம் வாங்குவது வழக்கமாம். தொழுகையை யார் வீட்டுக் கூடத்திலாவது நடத்திக்கொள்ளலாம், இறந்தவரை வீட்டில் வைக்க முடியாதே. ரோட் ஐலண்டின் நியூபோர்ட்டில் 1677-ல் கல்லறைக்கு நிலம் வாங்கினார்கள். அங்கே ஜெப ஆலயம் எழுந்தது 1763-ல்தான்.

ஞானசெல்வி

நான் பாளையங்கோட்டைக்காரி. இதைப் படித்ததும் ஆதியாகமம் 23-ஆம் அதிகாரம் ஞாபகம் வந்தது. சாராள் இறந்ததும் ஆபிரகாம் அடக்கம் செய்ய இடம் கேட்கிறார். எப்பெரோன் சும்மாவே எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறார். ஆபிரகாம் ஒப்பவில்லை. ஊரார் முன்னிலையில் 400 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து மக்பேலா குகையையும் வயலையும் வாங்குகிறார். தேவன் வாக்குக் கொடுத்த தேசத்தில் அவர் காசு கொடுத்து வாங்கிய முதல் நிலம் ஒரு கல்லறைதான். வேலி, மரம், எல்லை எல்லாம் அந்த அதிகாரத்திலேயே ஒரு பத்திரம் போல எழுதியிருக்கும். எங்கள் அப்பா பத்திர எழுத்தர், அதை அவ்வளவு ரசித்து வாசிப்பார்.

எனவே நிலத்தை முறையாக, முழு விலை கொடுத்து, சந்தேகமில்லாத பத்திரத்தோடு வாங்குவது அவர்களுக்கு விசுவாசத்தோடு சேர்ந்த காரியம். என் ஓட்டு நிலத்துக்கு.

தாழம்பூ

நான் பாஸ்டனில் தொண்டு நிறுவனங்களின் கணக்கைத் தணிக்கை செய்கிறேன். பெரியவர் சொன்ன புல் வெட்டும் பேச்சை யாரும் லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நியூயார்க் குவீன்ஸில் பேசைட் கல்லறை என்று ஒன்று. 30,000-க்கும் மேற்பட்ட கல்லறைகள். மன்ஹாட்டனில் இருந்த ஷாரே செதெக் என்ற சபைக்குச் சொந்தம். ஒரு காலத்தில் செல்வாக்கான சபை. குடும்பங்கள் நிரந்தரப் பராமரிப்புக்கென்று பணம் கட்டியிருந்தார்கள். சபை சுருங்கியது, பணம் கரைந்தது. மரங்கள் முளைத்துக் கற்களைத் தள்ளின, கல்லறை மாடங்கள் உடைக்கப்பட்டன. வழக்கு வந்தது. கடைசியில் மேற்கு 93-ஆம் தெருவில் இருந்த தங்கள் ஜெப ஆலயக் கட்டடத்தையே சபை விற்றது. அந்தப் பணத்தில் ஒரு பெரிய பங்கு கல்லறைக்கு ஒதுக்கப்பட்டது. செத்தவர்களுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற, உயிரோடிருப்பவர்கள் தொழும் இடத்தை விற்க வேண்டிவந்தது. உங்கள் குழு இந்தக் கதையைக் கட்டாயம் படிக்கட்டும்.

கணக்கு எளிது. வருடத்துக்குப் புல், மரம், சுவர், காப்பீடு எல்லாம் சேர்த்து 20,000 டாலர் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலைத் தொடாமல் 4 சதவீதம் மட்டும் எடுத்தால் 5,00,000 டாலர் நிதி வேண்டும். இதைக் கேட்டதும் எல்லாருக்கும் மூச்சு நின்றுவிடும், ஆனால் ஒரே நாளில் திரட்ட வேண்டியதில்லை. நியூயார்க்கில் பொதுக் கல்லறைக் கழகங்கள் குழியிடம் விற்கும் தொகையில் குறைந்தது 10 சதவீதத்தை நிரந்தர நிதியில் போட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. மதச் சபைகளின் கல்லறைகளுக்கு அது பொருந்தாது. அங்கேதான் ஓட்டை. சட்டம் கேட்காவிட்டாலும் உங்கள் குழு தானே விதி எழுதிக்கொள்ள வேண்டும்: வரும் ஒவ்வொரு டாலரிலும் இத்தனை காசு தனிக் கணக்கில், மூன்று பேர் கையெழுத்து இல்லாமல் முதலை எடுக்க முடியாது. சபையின் பொதுக் கணக்கில் மட்டும் சேர்க்கவே சேர்க்காதீர்கள். கூரை ஒழுகும் வருடம் அந்தப் பணம் கூரைக்குப் போய்விடும். நல்ல எண்ணத்தோடுதான் போகும், ஆனால் திரும்பி வராது.

மாசசூசெட்ஸில் 1984-லிருந்து யூதக் கல்லறைச் சங்கம் ஒன்று நூற்றுக்கும் மேற்பட்ட கல்லறைகளைச் சேர்த்துப் பராமரிக்கிறது. சிறிய சபைகள் தனியாகத் தூக்க முடியாத சுமையைக் கூடித் தூக்குகிறார்கள். உங்கள் பக்கத்து ஊர்ச் சபைகளோடு பேசிப் பாருங்கள்.

மேட்டூரான்

தாழம்பூ அக்கா சொல்வதை மதிக்கிறேன், ஆனால் முன்னுரிமையில் எனக்கு உடன்பாடு இல்லை. சாய்ந்த கல்லை அடுத்த வருடம் நிமிர்த்தலாம். பராமரிப்பு நிதியைப் பத்து வருடம் எடுத்துச் சேர்க்கலாம். பக்கத்து நிலத்தில் ஒருவன் வீடு கட்டிவிட்டால் முடிந்தது, இனி என்றைக்கும் அது வராது. புது இடத்தைப் பத்து மைல் தள்ளி வாங்கினால் அம்மா ஒரு தோட்டத்தில், அப்பா ஒரு தோட்டத்தில். எங்கள் மாமா குடும்பத்தில் இப்படி நடந்தது (அவர்கள் கத்தோலிக்கர்). கல்லறைத் திருநாளன்று மெழுகுவத்தியை எடுத்துக்கொண்டு இரண்டு ஊருக்கு அலைகிறார்கள். அந்த வலியைப் பார்த்தவன் சொல்கிறேன், நிலம்தான் முதலில்.

இன்னொன்று. புது நிலம்தானே வருமானம்? குழியிடம் விற்றால்தானே உங்கள் 10 சதவீதம் வரும்?

தாழம்பூ

கடைசி வரி சரியான பிடி. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இடம் விற்கும்வரைதான் அந்த வருமானம். எல்லாக் குழியும் நிரம்பிய நாளிலிருந்து வரவு பூஜ்யம், செலவு மட்டும் என்றென்றைக்கும். நிலம் வாங்கும் நாளிலேயே அந்த விதியும் எழுதப்பட வேண்டும் என்பதுதான் நான் கேட்பது.

சூளைமேட்டான்

சென்னையிலிருந்து ஒரு செய்தி. நம் ஊரிலும் ஒரு யூதக் கல்லறை இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. லாயிட்ஸ் ரோட்டில், அதாவது இன்றைய அவ்வை சண்முகம் சாலையில். இருபது கல்லறைகூட இருக்காது.

17-ஆம் நூற்றாண்டில் பவளம் விற்கவும் வைரம் வாங்கவும் வந்த போர்ச்சுக்கீசிய யூதர்கள் மதராஸில் இருந்தார்கள். பவளக்காரத் தெருவின் பெயரே அந்த வணிகத்தின் மிச்சம். ஜாக் டி பைவா என்ற வைர வணிகர் 1687-ல் இறந்து இங்கேயே அடக்கமானார். பழைய கல்லறை மின்ட் தெருப் பக்கம் இருந்தது. அங்கிருந்த கற்களை 1934-ல் ஒரு பூங்காவுக்கு மாற்றினார்கள், 1979-ல் காசிமேட்டுக்கு, 1983-ல் லாயிட்ஸ் ரோட்டுக்கு. நிலஅளவையான் மேலே எழுதினாரே, குழி என்றால் என்றைக்கும் அவருடைய இடம் என்று. அதைப் படித்துவிட்டு இந்த மூன்று மாற்றங்களையும் நினைத்தேன், மனசு கனத்துப்போனது. கல் வந்து சேர்ந்தது. கல்லுக்கு அடியில் இருந்தவர்கள் வந்தார்களா? கேட்பதற்குச் சபை என்று ஒன்று இல்லை, அதுதான் விஷயம்.

நல்ல எண்ணத்தோடு காப்பாற்றியவர்கள் இருந்ததால்தான் கல்லாவது மிஞ்சியது, அதையும் சொல்ல வேண்டும்.

பினாங்கு_மாமாக்

நான் ஜார்ஜ் டவுனில் பிறந்து வளர்ந்தவன். எங்கள் ஊரில் ஒரு யூதக் கல்லறை, 1805-லிருந்து இருப்பதாகச் சொல்வார்கள். நூறு கல்லறைக்குக் கொஞ்சம் மேல். தெருவுக்கே முன்பு ஜாலான் யஹூதி என்று பெயர், பிறகு ஜாலான் ஜைனல் அபிடின் ஆனது. கோஹன் குடும்பத்தாருடையவை மட்டும் ஒரு மூலையில் தனியாக இருக்கும். ஊரில் யூதக் குடும்பங்கள் இல்லாமல் போய் வெகுகாலம் ஆகிறது. ஆனால் கல்லறை இருக்கிறது, வாயில் பூட்டியிருக்கிறது, புல் வெட்டியிருக்கிறது.

எப்படி? 1885-ல் இதற்காகவே ஓர் அறங்காவலர் குழு வைத்துவிட்டுப் போனார்கள். சமூகம் கலைந்த பிறகும் அந்தக் குழு என்ற ஏற்பாடு கலையவில்லை. உங்கள் பெரியவரிடம் பினாங்கைப் பற்றிச் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார்.

திருச்சூர்_ரமணி

பினாங்குக்கு நேர் எதிரான கதை இங்கே எங்கள் பக்கத்தில். மாளா என்ற ஊரிலிருந்து யூதர்கள் 1955-ல் இஸ்ரேலுக்குக் கிளம்பும்போது ஜெப ஆலயத்தையும் கல்லறையையும் ஒப்பந்தம் எழுதிப் பஞ்சாயத்திடம் ஒப்படைத்தார்கள். பல தலைமுறைப் பழக்கம், அவ்வளவு நம்பிக்கை. ஆனால் பராமரிக்க நிதியும் இல்லை, கேள்வி கேட்க அறங்காவலரும் இல்லை. சில ஏக்கர் இருந்த கல்லறை நிலத்தில் ஒரு பகுதி பிற்பாடு விளையாட்டரங்கத்துக்குப் போனது. இன்றைக்குக் கண்ணில் படும் கல்லறைகள் விரல் விட்டு எண்ணலாம். உள்ளூர்க்காரர்களே, யூதர்கள் அல்லாதவர்கள், அதை மீட்கப் போராடிக்கொண்டிருக்கிறார்கள்.

அங்கிருந்து ரொம்ப தூரமில்லை சேந்தமங்கலம். அங்கே ஜெப ஆலயத்துக்கு முன்னால் சாரா என்ற பெண்ணின் கல் நிற்கிறது, 1269 என்ற ஆண்டோடு. எழுநூற்றைம்பது வருடமாக ஒரு பெயர் நிற்கிறது. மாளாவில் அறுபது வருடத்தில் பெயர்கள் போய்விட்டன. இரண்டும் ஒரே மண்தான்.

கல்தச்சன்

நான் மாமல்லபுரத்தில் சிற்பம் படித்துவிட்டு இப்போது பழைய கட்டட மராமத்தில் இருக்கிறேன். அமெரிக்காவிலும் இரண்டு வருடம் கல்லறைக் கற்கள் வேலை செய்தேன். பணம் எதற்கென்று முடிவாவதற்குள் ஆர்வக்கோளாறில் யாரும் கல்லைத் தொட்டுவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

தன்னார்வலர்கள் முதலில் செய்வது கம்பித் தூரிகையும் பிளீச்சிங் தண்ணீரும் எடுத்துக்கொண்டு தேய்ப்பது. பழைய சலவைக்கல் ஏற்கெனவே அமில மழையில் சர்க்கரை போல உதிரும் நிலையில் இருக்கும். தேய்த்தால் கல் பளிச்சென்று வரும், எழுத்து போய்விடும். மென்மையான நார்த் தூரிகை, நிறையத் தண்ணீர், கல்லுக்கென்றே உள்ள மென்கரைசல், அவ்வளவு போதும். உடைந்ததைச் சிமெண்டால் ஒட்டாதீர்கள். சிமெண்ட் கல்லைவிடக் கடினம், குளிரில் சுருங்கி விரியும்போது கல்தான் உடையும். சுண்ணாம்புக் காரை வேண்டும்.

சாய்வதற்குக் காரணம் பெரும்பாலும் கல் இல்லை, அடிவாரம். பனிக்காலத்தில் மண்ணுக்குள் நீர் உறைந்து கல்லைத் தூக்கும், வசந்தத்தில் விடும். அதனால் அடித்தளம் உறையும் ஆழத்துக்குக் கீழே போக வேண்டும். வடக்குச் சுவருக்கும் அதே பதில்: சுவரைக் கட்டுவதற்கு முன் தண்ணீருக்கு வழி. வடிகால் இல்லாமல் புதுச் சுவர் கட்டினால் அந்த நன்கொடையாளரின் தாத்தா பெயரும் சாய்ந்துவிடும்.

கல்லுக்கு அவர்கள் சொல்லும் எபிரேயச் சொல் 'மட்சேவா'. நிறுத்தி வைக்கப்பட்டது என்று பொருள். நம் நடுகல் தான் அது. முதல் தடவை இதைக் கேட்டபோது அந்தக் கல்லைத் தொட்டுக் கும்பிட்டேன்.

நிலஅளவையான்

கல்தச்சன் அண்ணா, உங்கள் பதிவை மொழிபெயர்த்துக் குழுவில் வாசித்தேன். வடிகால் பற்றிய வரிக்கு நன்கொடைக் குடும்பத்தின் மகளே எழுந்து, "வாயில் பிறகு, தண்ணீர் முதலில்" என்று சொல்லிவிட்டார். பெரிய நிம்மதி.

மேட்டூரானுக்கு: உங்கள் வாதம் என்னை மாற்றிவிட்டது. நில உரிமையாளரிடம் முழு விலை இப்போதே தர வேண்டியதில்லை. ஒரு சிறு தொகை கட்டி, இன்ன தேதிக்குள் இன்ன விலைக்கு எங்களுக்கே விற்க வேண்டும் என்று ஒப்பந்தம் போடலாம். அந்த இடைவெளியில் மண் பரிசோதனை, நகரசபை அனுமதி எல்லாம் முடியும். நிலத்தடி நீர் மேலே இருந்தால் அது கல்லறைக்கு ஆகாது. இங்கே சதுப்பு நிலம் பக்கத்தில் இருந்தால் எல்லையிலிருந்து 50 அடி, சில இடங்களில் 150 அடி விட வேண்டும். இதெல்லாம் பார்க்காமல் ஒரு ஏக்கர் என்று சந்தோஷப்படக் கூடாது. ஒரு குழிக்கு 4 அடிக்கு 10 அடி என்று காகிதத்தில் வகுத்தால் ஏக்கருக்கு ஆயிரத்துக்கு மேல் வரும். பாதை, வேலி, மரம், ஒதுக்கம் போக அறுநூறு கிடைத்தால் பெரிது.

பாதை விஷயத்தில் நான் கற்றுக்கொண்டதைச் சொல்ல வேண்டும். கோஹன்கள் பழைய ஆசாரிய வம்சம். அவர்கள் கல்லறைக்கு நான்கு முழத்துக்குள் வரக் கூடாது, நெருங்கிய உறவினரின் அடக்கம் தவிர. அதனால் கோஹன் குடும்பத்தாரைப் பாதையோரமாக அடக்கம் செய்வார்கள், பிள்ளைகள் பாதையில் நின்றபடியே பார்த்துவிட்டுப் போகலாம். பினாங்கில் அந்தக் குடும்பம் தனி மூலையில் இருப்பதற்கும் இதுதான் காரணமாக இருக்க வேண்டும். ஒரு மரக்கிளை கல்லறைக்கும் பாதைக்கும் மேலே சேர்ந்து கவிந்தால், அது ஒரே கூரை போல ஆகி அந்தப் பாதையும் அவர்களுக்கு ஆகாது. நான் நிழலுக்காகப் பாதை நெடுக மேப்பிள் மரம் வரைந்திருந்தேன். பெரியவர் பார்த்துவிட்டு மென்மையாக, "அழகாக இருக்கிறது, ஆனால் என் கோஹன் நண்பர்கள் வாசலிலேயே நின்றுவிடுவார்கள்" என்றார். எல்லா மரத்தையும் வேலிப் பக்கம் நகர்த்தினேன்.

புது நிலத்தில் இரண்டு தனிப் பகுதிகளும் கேட்கிறார்கள். ஒன்று, பழசாகிப்போன வேதச் சுருள்களையும் தொழுகைப் புத்தகங்களையும் புதைக்க. இறைவன் பெயர் எழுதிய தாளைக் குப்பையில் போட மாட்டார்கள், மனிதரைப் போலவே மண்ணில் வைப்பார்கள். மற்றொன்று, துணைவர் யூதர் அல்லாத தம்பதிகள் சேர்ந்து அடக்கமாவதற்கு, நடுவில் ஒரு செடிவேலியோடு. இந்த இரண்டாவதற்குக் கூட்டத்தில் இரண்டு மணி நேரம் விவாதம், சிலர் அழுதார்கள். ஐம்பது வருடம் கூட வாழ்ந்த மனைவியை எங்கே வைப்பது என்ற கேள்வி அது.

அகல்விளக்கு

மன்னிக்கவும், எல்லாரும் ஒரே பக்கம் பேசுவதால் கேட்கிறேன். எங்கள் கிராமத்தில் சுடுகாட்டுக்குப் போகப் பாதை இல்லாமல் வயலுக்குள் இறங்கிப் பிணத்தைத் தூக்கிக்கொண்டு போகிறோம். மழைக்குக் கூரை கிடையாது. அமெரிக்காவில் வசதியாக இருக்கும் ஒரு சபைக்குத் தமிழர்கள் ஏன் கொடுக்க வேண்டும்? முதலில் நம் ஊரைப் பார்ப்போமே.

நிலஅளவையான்

கேட்டது நல்லது. உங்கள் ஊர்ப் பாதைக்கு மனு கொடுக்க வரைபடம் வேண்டுமென்றால் நான் இங்கிருந்தே போட்டுத் தருகிறேன், தனிச்செய்தி அனுப்புங்கள். இதை மனதாரச் சொல்கிறேன்.

நான் தமிழ்க் குடும்பங்களிடம் பெரிய தொகை கேட்கப்போவதில்லை. பக்கத்து வீட்டில் சாவு என்றால் நாம் போய் நிற்போம் இல்லையா? அதுபோல ஒரு பங்கு. என் அப்பா இறந்தபோது விமானம் கிடைக்காமல் நான் இங்கேயே மாட்டிக்கொண்டேன். அன்றைக்கு ராத்திரி வீட்டுக்கு வந்து, எதுவும் பேசாமல் இரண்டு மணி நேரம் கூட உட்கார்ந்திருந்தவர் இந்தப் பெரியவர்தான்.

ரஹீம்_அதிராம்பட்டினம்

சகோதரர்களே, மற்ற மதத்தார் கொடுக்கலாமா என்ற கேள்விக்கு ஒரு நடந்த சம்பவம். 2017 பிப்ரவரியில் மிசௌரியின் யூனிவர்சிட்டி சிட்டியில் செசெத் ஷெல் எமெத் என்ற யூதக் கல்லறையில் 150-க்கும் மேற்பட்ட கற்களை யாரோ தள்ளிவிட்டார்கள். செய்தி வந்ததும் அமெரிக்க முஸ்லிம்கள், லிண்டா சர்சூரும் தாரிக் எல்-மெசிதியும் முன்னின்று, இணையத்தில் நிதி திரட்டினார்கள். கேட்டது 20,000 டாலர். மூன்று மணி நேரத்தில் சேர்ந்துவிட்டது. முடிவில் 1,60,000 டாலரைத் தாண்டியது. மிச்சத்தைச் சேதமடைந்த வேறு யூதக் கல்லறைகளுக்கும் கொடுக்க ஏற்பாடு செய்தார்கள்.

செசெத் ஷெல் எமெத் என்ற அந்தப் பெயருக்கு 'உண்மையான அன்புச் செயல்' என்று அர்த்தம். இறந்தவருக்குச் செய்வதைத்தான் யூதர்கள் அப்படிச் சொல்கிறார்கள், அவரால் திருப்பிச் செய்ய முடியாது என்பதால். எங்களிடத்திலும் ஜனாஸாவை, அதாவது இறந்தவரின் உடலை, பின்தொடர்ந்து போவது ஒரு முஸ்லிம் இன்னொருவருக்குச் செய்ய வேண்டிய கடமைகளில் ஒன்று. எனக்கு அந்தச் சொல் அந்நியமாகத் தோன்றவில்லை.

தாழம்பூ

ரஹீம் பாய், நன்றி. நடைமுறையில் ஒரு யோசனை. யூதர்கள் நன்கொடையை 18, 36, 180 என்று பதினெட்டின் மடங்காகக் கொடுப்பார்கள். எபிரேயத்தில் 'உயிர்' என்ற சொல்லின் இரண்டு எழுத்துக்கும் 8, 10 என்று எண்மதிப்பு, கூட்டினால் 18. நாம் மொய்யில் 101, 501 எழுதுவது போலத்தான். தமிழ்க் குடும்பங்களிடம் 18 டாலர் என்று கேளுங்கள். யாருக்கும் பாரமில்லை, வாங்குபவர்களுக்கு அந்த எண்ணின் அருமை தெரியும்.

எப்போது கேட்பது என்பதும் முக்கியம். அவர்களுடைய புத்தாண்டுக்கு முந்தைய எலூல் மாதத்தில் குடும்பங்கள் கல்லறைக்கு வரும். சாய்ந்த கல்லை நேரில் பார்க்கும் நாள் அது. வருடத்தில் நான்கு முறை இறந்தோர் நினைவுத் தொழுகையின்போதும் தர்மம் செய்வதாக நேர்ந்துகொள்வார்கள். பிறகு ஆதார் மாதம் 7-ஆம் தேதி, மோசே இறந்ததாகச் சொல்லும் நாள். இறந்தவரைக் குளிப்பாட்டிக் கோடி உடுத்தும் குழுவினர் அன்று பகல் நோன்பிருந்து இரவு கூடிச் சாப்பிடுவார்கள். மோசேயை இறைவனே அடக்கம் செய்தான், அவருடைய கல்லறை எங்கே என்று யாருக்கும் தெரியாது, அதனால் அந்த நாள். பராமரிப்பு நிதியை அறிவிக்க அதைவிடப் பொருத்தமான ராத்திரி கிடையாது.

நிலஅளவையான், நியூபோர்ட்டைப் பற்றிச் சொன்னீர்களே, அதற்கு ஒரு பின்கதை உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் அந்த ஊர் யூதச் சமூகம் கலைந்துபோனது. கல்லறையின் கருங்கல் வாயிலும் வேலியும் அந்தக் காலத்தில் எழுந்தவைதான். நியூபோர்ட்டில் பிறந்து நியூ ஆர்லியன்ஸில் இருந்த யூதா டூரோ என்ற வணிகர் செலவு செய்தார். 1854-ல் இறந்தபோது அவரையும் அங்கேயே கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். ஊரைவிட்டுப் போனவர்களின் பட்டியலையும் உங்கள் குழு எடுக்கட்டும்.

நிலஅளவையான் (நான்கு மாதம் கழித்து)

பலர் தனிச்செய்தியில் கேட்டதால் எழுதுகிறேன். நில ஒப்பந்தம் கையெழுத்தானது. மண் பரிசோதனை தேறிவிட்டது. குழு விதி எழுதிவிட்டது: வரும் ஒவ்வொரு நன்கொடையிலும், விற்கும் ஒவ்வொரு இடத்திலும் ஐந்தில் ஒரு பங்கு தனி அறக்கட்டளைக்கு. தாழம்பூ அக்காவின் மூன்று கையெழுத்தும் அப்படியே இருக்கிறது. ஊரைவிட்டுப் போனவர்களின் முகவரிகளைப் பெரியவரின் பேத்தி தேடி எடுத்து முந்நூறு கடிதம் அனுப்பினாள். ஃப்ளோரிடாவிலிருந்தும் இஸ்ரேலிலிருந்தும் பதில் வந்துகொண்டிருக்கிறது. எங்கள் தமிழ்க் குடும்பங்கள் முப்பத்தொன்று, ஆளுக்குப் பதினெட்டு டாலர். ஒரு பாட்டி மட்டும் பிடிவாதமாகப் பத்தொன்பது கொடுத்தார், ஒரு ரூபாய் சேர்க்காமல் கொடுக்கக் கூடாதாம். பெரியவர் அதைத் தனியாக நோட்டில் எழுதி வைத்திருக்கிறார்.

சுவரையும் பாதையையும் தொடங்குமுன் பழைய பகுதியைத் தரையூடுருவும் ரேடாரால் பார்த்தோம். கிழக்கு வேலியை ஒட்டி, வரைபடத்தில் வெற்றிடமாக இருந்த பட்டையில், சின்னச் சின்னக் குழிகள் வரிசையாகத் தெரிந்தன. நீளம் மூன்றடிகூட இல்லை. பதினேழு. பெரியவர் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறந்து முப்பது நாள் ஆகாத குழந்தைகளுக்கு அந்தக் காலத்தில் கல் வைப்பதில்லை, வேலியோரமாக வைத்துவிடுவார்கள் என்றார். பிறகு, "என் அண்ணன் ஒருவன் இதில் இருக்க வேண்டும். அம்மா இந்தப் பக்கம் வந்து நிற்பாள், எதற்கென்று சொன்னதில்லை" என்றார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். நம் ஊரிலும் கைக்குழந்தையை எரிப்பதில்லை, புதைப்போம். அவளுக்கு அடையாளம் இல்லாத அந்த இடம் என்றால் என்னவென்று தெரியும். அன்று ராத்திரி அவள் ஒன்றும் சாப்பிடவில்லை. காலையில், "அந்தப் பக்கமாகத்தானே பாதை வரைந்திருக்கிறாய்?" என்று கேட்டாள்.

ஆமாம், புது நிலத்துக்குப் போகும் பாதை நேராக அந்தப் பட்டை மேலேதான் போகிறது. குழு நேற்று கூடியது. பதினேழு இடத்துக்கும் சிறு கல் வைக்கிறார்கள். பெயர் தெரியாதவற்றில் ஆண்டு மட்டும், அதுவும் தெரியாதவற்றில் வெறும் கல். பாதையைத் தெற்கே முப்பதடி நகர்த்த வேண்டும், அதனால் புது நிலத்தில் ஒன்பது குழியிடம் குறையும். வாயிலுக்குப் பணம் தரும் குடும்பத்தைக் கேட்டோம், வாயிலும் அங்கேயே நகரட்டும் என்று சொல்லிவிட்டார்கள். வரைபடத்தை இந்த வாரம் திருத்தி நகரசபைக்கு மறுபடி அனுப்புகிறேன்.